புது டியூப் ஏன் பூட்டியவுடனே பஞ்சர் ஆகிறது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன். பின் டயர் தேய்ந்துபோனதால் தோட்டத்து மண்பாதைக்கு ஏற்ற, பெரிய கட்டைகள் கொண்ட டயர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே மாற்றினேன். காற்றடித்த பத்தாவது நிமிடம், ஓட்டிப் பார்க்குமுன்பே இறங்கிவிட்டது. இன்னொரு புது டியூப் போட்டேன். அதுவும் அப்படியே. டியூப் மட்டமா, என் கை மட்டமா? டயரின் மேல் டியூப்லெஸ் என்றே எழுதியிருக்கிறது. 'டியூபே வேண்டாம், ரிம்மை அடைத்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய்விடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு டியூப்களையும் எறியாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. சாலையைப் பார்க்கும் வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் டயருக்குள் ஏதோ குத்திக்கொண்டு நிற்கிறது. தோட்டப் பாதையில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஆணியைப் போலவே இறங்கும். ரிம்மைப் பார்க்கும் உட்பக்கத்தில் ஓட்டை என்றால் ரிம்முக்குள் கம்பித் தலைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி, ஸ்போக்ஸ் கம்பியின் தலை உரசியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. பக்கவாட்டில், அருகருகே இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் அது லீவரின், அதாவது டயரை நெம்பி ஏற்றும் பட்டைக் கம்பியின் கடி. பாம்பு கொத்தியதைப் போல இரண்டு பல் தடம் தெரியும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நான்காவதுதான் என்று தோன்றுகிறது. ஓட்டுவதற்கு முன்பே இறங்கியது என்கிறீர்கள். ஓட்டாத வண்டியில் குச்சி ஏறாது, வால்வும் இழுபடாது. ஆனாலும் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். பஞ்சர் கடைகளில் நடக்கும் பெரிய தவறே இதுதான். ஓட்டை எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே ஒட்டுத் துண்டை வெட்டிவிடுகிறார்கள். காரணம் டயருக்குள்ளேயே இருக்க, மறுநாள் நீங்கள் மீண்டும் அதே கடையில் நிற்கிறீர்கள். அவர்களுக்கு அது இரண்டாவது கூலி.

இப்போது லீவர் ஏன் கடிக்கிறது என்று பார்ப்போம். டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. அது ரப்பரைப் போல நீளாது. நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நீளாது. பிறகு எப்படி அது தன்னைவிட அகலமான ரிம் விளிம்பைத் தாண்டி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கத்து ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் டயர் உள்ளே நுழைகிறது. மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

நீங்கள் லீவரை நெம்பும் நேரத்தில் எதிர்ப்பக்கத்து ஓரம் பள்ளத்திலிருந்து மேலே ஏறியிருக்கும். தளர்வு போய்விடும். டயர் மறுக்கும். நீங்கள் இன்னும் பலமாக நெம்புவீர்கள். பலமாக நெம்பினால் லீவரின் நாக்கு ஆழமாக உள்ளே போகும். அங்கே டியூப் இருக்கிறது. எனவே ஒரே விதியை மனதில் வையுங்கள்: கை வலித்தால் நிறுத்துங்கள். லீவரை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இரண்டு முழங்காலையும் ஊன்றி டயரைப் பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நான் வேலை பழகிய பட்டறையில் என் ஆசான் ஒரு முழத்துக்கு மேல் நீளமான லீவரைத் தொடவே விட மாட்டார். நீளமான கம்பி கையில் இருந்தால் தவறாகச் செய்தாலும் டயர் ஏறிவிடும், டியூப் செத்துவிடும் என்பார். ஒரு அடி நீளத்தில், நுனி மழுங்கிய லீவர் இரண்டு போதும். மூன்று இருந்தால் வசதி. திருப்புளியை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். கோத்தகிரிக் குளிரில் காலை ஏழு மணிக்கு உட்காராதீர்கள். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரக்கட்டையாக இருக்கும். புது டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்படியில் வைத்திருங்கள். பாதி பலம் மிச்சமாகும்.

உங்கள் வண்டியில் நடு ஸ்டாண்டு இருப்பது நல்லது. செயின் இறுக்கும் திருகு இரண்டு பக்கமும் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு, சக்கரத்தின் நடுவே ஓடும் அச்சான ஆக்ஸிலை உருவுங்கள். ஆக்ஸிலின் இரு பக்கத்து வளையங்களும் எந்தப் பக்கம் எப்படி இருந்தன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பின் பிரேக்கை யாரும் மிதிக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லிவையுங்கள். மிதித்தால் பிரேக் கட்டைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், பிரேக் வட்டு (டிஸ்க்) அவற்றுக்கு இடையே உள்ளே போகாது.

சக்கரத்தைப் பழைய டயர் ஒன்றின் மேல் படுக்க வையுங்கள். பிரேக் வட்டு தரையில் படக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டபின், குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்து ஓரத்தை ரிம்மிலிருந்து பிரியுங்கள். கழற்றும்போது ஒரு கடிக்கு இரண்டு விரல்கடை அளவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்தாலே போதும். பழைய எஞ்சின் எண்ணெய், கிரீஸ், டீசல் வேண்டவே வேண்டாம். சில கடைகளில் கைக்கு அருகே டப்பாவில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். அதோடு காய்ந்தும் போகாது. சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் டயர் ரிம்மைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் இருந்தால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் டயர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வால்வைப் பிய்த்துவிடும்.

டியூபை உள்ளே வைக்குமுன் டயருக்குள் வெறுங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒட்டுச்சீட்டு ஏதாவது இருந்தால் உரித்துவிடுங்கள், அதன் முனை டியூபை அரிக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைப் பார்க்கட்டும். முகப் பவுடரை டியூப் மேல் தூவுங்கள். டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்கு மட்டும், வாயால் ஊதியதைப் போலக் கொஞ்சம் காற்று கொடுங்கள். காற்றே இல்லாத டியூப் துணியைப் போல மடிந்து லீவருக்கு அடியில் வந்து விழும். உங்களுடைய இரண்டு டியூப்களும் இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வால்வை ரிம் துளையில் விட்டு நட்டை இரண்டு சுற்று மட்டும் போடுங்கள். இப்போது வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் டயரை ஏற்றத் தொடங்கி, இரு புறமும் மாறி மாறி வந்து வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். வால்வின் அடிப்பகுதி தடிமனாகப் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே டயர் ஓரம் பள்ளத்தில் இறங்காது. அங்கிருந்து தொடங்கினால் உங்களுக்கு வேண்டிய தளர்வு கடைசியில் கிடைக்காது. முக்கால் பங்கு வரை முழங்காலாலும் உள்ளங்கையாலுமே ஏறிவிடும். லீவர் கடைசி ஒரு சாணுக்குத்தான். அந்தக் கடைசிக் கடிக்கு முன் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி விடுங்கள். டியூப் ஓரத்துக்கு அடியில் சிக்கியிருந்தால் விலகிவிடும்.

காற்றடித்ததும் டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டி மட்டும் போகாதீர்கள். சரியாக உட்கார்ந்த பிறகும் ஒருமுறை முழுக் காற்றையும் விட்டுத் திரும்ப அடித்தால் டியூபின் மடிப்புகள் நேராகும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கிவிடாமல் மேலே மூடியோடு சேர்த்து நிறுத்துங்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து உங்களுக்குத் தகவல் சொல்லும். இறுக்கியிருந்தால் கிழிந்துதான் சொல்லும்.

இப்போது அந்த டியூப்லெஸ் விவகாரம். டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருப்பது டயரைப் பற்றிய செய்தி, உங்கள் ரிம்மைப் பற்றியது அன்று. இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. உங்கள் வண்டிக்குப் பின்னால் 120/90-17 அளவு டயர். அந்த அளவில் டியூப்லெஸ் டயர் வாங்கி அதற்குள் டியூப் போட்டு ஓட்டலாம், தவறே இல்லை. ஓரம் சற்று விறைப்பாக இருக்கும், பூட்டக் கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பிகள் நடுப்பள்ளத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன. அத்தனை துளையும் காற்று போகும் வழி. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மின் இரு ஓரங்களிலும் கோக்கப்பட்டு, நடுப்பகுதியில் ஒரு துளைகூட இல்லாமல் தொழிற்சாலையிலிருந்தே வரும் சக்கரங்கள். ஹிமாலயன் 450-க்கு அப்படி ஒரு சக்கரம் கிடைக்கிறது. 450 வைத்திருப்பவர்களிலும் எல்லாரிடமும் அது இல்லை. பழைய வகைச் சக்கரத்தோடு வாங்கியவர்கள் உண்டு, அவர்களுக்கு டியூப்தான். உங்கள் அண்டை வீட்டு 450-ஐப் பார்த்துவிட்டு 'அதுவும் ஸ்போக்ஸ்தானே, அதில் டியூப் இல்லையே' என்று யாராவது சொன்னால் குனிந்து கம்பி எங்கே கோக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரத்திலா, நடுவிலா? உங்கள் 411-ல் நடுவில். பேச்சு அங்கே முடிந்தது.

உங்களிடம் பேசியவர் செய்யப்போவது, அந்தத் துளைகளின் மேல் பசையும் டேப்பும் ஒட்டுவது. அது ஒரு மாதம், இரண்டு மாதம் நிற்கும். பிறகு கல்பாதையில் ஒரு கம்பி தளர்ந்தால் பசை விட்டுப்போகும். கம்பியை இறுக்கவும் முடியாது, இறுக்கினால் பசை உடையும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டியூப்லெஸ் ரிம்மில் காற்று குறைந்தாலும் டயர் ஓரம் உள்ளே நழுவாதபடி தடுக்கும் சிறு மேடு இருக்கும். டியூபுக்காகச் செய்த ரிம்மில் அதை நம்பி இறங்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இப்படி அடைத்த முன் சக்கரத்தோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் டயர் நழுவி மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விட்டது. மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினார். சக்கரம் என் பட்டறைக்குத்தான் வந்தது. அடைத்துக் கொடுத்தவரின் கைப்பேசி எண் அதற்குள் மாறியிருந்தது. அவர் கடை வைத்தவர் அல்லர்; வாட்ஸ்அப்பில் ஆள் பிடித்து இன்னொருவரிடம் அனுப்பிக் கமிஷன் வாங்கும் தரகர். உங்களிடம் பேசியவருக்கு ஒரு பட்டறையும் பெயர்ப் பலகையும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

டயரை எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. கட்டை டயர்கள் வேகமாக விற்பதில்லை, அதனால் சமவெளியில் தேங்கிய பழைய சரக்கு மலைக்கு ஏறி வருகிறது. மருந்துப் பட்டையில் தேதி பார்க்கும் நாம் உயிர் தாங்கும் டயரில் பார்ப்பதில்லை. பில்லிலும் அந்தத் தேதியை எழுதித் தருவதில்லை. கேட்டால் 'அதெல்லாம் வழக்கமில்லை' என்கிறார்கள். ஏன் வழக்கமில்லை? ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மலைப்பாதைக்கென்றே விளம்பரம் செய்து விற்கும் வண்டியோடு இரண்டு லீவர் கொடுத்தால் நிறுவனத்துக்கு என்ன குறைந்துவிடும்? வடகிழக்குப் பருவமழையில் சாலை அடைபட்டு நிற்கும்போது கோத்தகிரிக்காரர் யாரைக் கூப்பிடுவார்? பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

டியூப் வாங்கும்போதும் அட்டைப்பெட்டியை நம்பாமல் டியூப் மேல் 17 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 18 அங்குலத்தைக் கொடுத்து 'பொருந்திவிடும்' என்பார்கள். பெரிய டியூப் உள்ளே மடிந்து, மடிப்பிலேயே அரைபட்டுக் கிழியும். லீவர் கடித்த உங்கள் இரண்டு டியூப்களும் வீணில்லை. கீறல் சிறிதாக இருந்தால் ஒட்டி, ஒன்றைப் பையில் வையுங்கள்.

சக்கரத்தை மாட்டி, எழுதிவைத்த கோட்டில் செயினை நிறுத்தி, ஆக்ஸில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கியபின், வண்டியை நகர்த்துமுன் பின் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். முதல் மிதி வெறுமையாகப் போகும்; பிடி கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிறகு கடைவீதி வரை மெல்லப் போய்வந்து, நட்டையும் காற்றையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள். மூன்றாவது டியூபும் இறங்கினால் அதைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, வால்வும் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள்.