98 நிமிடமா, 102 நிமிடமா? குங்ஃபூ நகைச்சுவைப் படத்துக்கு எந்த வட்டு?

கேள்வி: பழைய ஹாங்காங் குங்ஃபூ நகைச்சுவைப் படம் ஒன்றை வட்டாக வாங்கி வைத்துக்கொள்ள ஆசை. ஐரோப்பிய டிவிடியின் உறையில் 98 நிமிடம் என்றும், ப்ளூ-ரே உறையில் 102 நிமிடம் என்றும் போட்டிருக்கிறது. டிவிடியில் காட்சிகளை வெட்டிவிட்டார்களா? ஒலித்தடங்கள் வேறு மூன்று நான்கு இருக்கின்றன. எதில் பார்ப்பது?

பதில்: 102-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள். 97.92 வரும். உங்கள் சந்தேகத்துக்கான விடை அநேகமாக அதுதான். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, ஓடுவது. ஐரோப்பாவின் பிஏஎல் (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறைக்கு 25 வேண்டும். அதனால் டிவிடிக்கு மாற்றும்போது படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட விட்டுவிடுவார்கள். காட்சி எதுவும் குறைவதில்லை, ஓட்டம்தான் விரைவாகிறது. குரல்களும் இயல்பைவிடச் சற்றுக் கீச்சென்று ஒலிக்கும்.

மற்ற படங்களில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இந்த வகைப் படத்தில் உறுத்தும். சண்டைக் காட்சிகளை ஹாங்காங் படக்குழுவினர் பல நேரம் நொடிக்கு 22 அல்லது அதற்கும் குறைவான பிரேம்களில் எடுப்பார்கள். திரையில் 24-இல் ஓடும்போது கை கால்கள் மின்னலாகச் சுழலும். எவ்வளவு வேகம் கூட்டினால் வியப்பு, எவ்வளவு கூட்டினால் பொம்மலாட்டம் என்பது சண்டை இயக்குநரின் கணக்கு. அதன் மேல் இன்னொரு 4 சதவீதத்தை ஏற்றுவது, சமைத்து இறக்கிய குழம்பில் மறுபடி உப்புப் போடுவது போல. ப்ளூ-ரே பெரும்பாலும் 24 பிரேம்களிலேயே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நிமிடக் கணக்கு சரியாக வந்துவிட்டால் படம் முழுமையானது என்று நினைத்துவிடாதீர்கள். 1994-இல் வெளியான ஜாக்கி சானின் ‘டிரங்கன் மாஸ்டர் 2’ படத்தை 2000-இல் அமெரிக்காவில் ஆங்கில டப்பிங்கோடு வெளியிட்டார்கள். பின்னணி இசையை மாற்றினார்கள். கூடவே, தொழிற்சாலைச் சாராயத்தைக் குடித்த நாயகன் என்ன ஆனான் என்று காட்டும் கடைசிக் காட்சியையும் நீக்கினார்கள். அது மிகச் சிறிய துண்டு, நிமிடக் கணக்கில் மாட்டாது. ஆகவே உறையில் பார்க்க வேண்டியது, இது ஹாங்காங் பதிப்பா, வெளிநாட்டு வெளியீட்டுக்காகத் திருத்திய பதிப்பா என்பதைத்தான். இரண்டையும் சேர்த்துத் தரும் வட்டு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலித்தடம் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘மூலக் குரல்’ என்று பலர் தேடுவது இங்கே பாதி மாயை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஹாங்காங்கில் பெரும்பாலும் ஒலிப்பதிவு இல்லாமலே படம் பிடித்து, பிறகு குரல் சேர்த்தார்கள். ஹாங்காங் மக்கள் பேசும் கான்டனீஸ் மொழித் தடத்தில் நீங்கள் கேட்பதும் டப்பிங்தான். நாயகனின் குரல்கூட வேறொருவருடையதாக இருக்கலாம். ஆனாலும் கான்டனீஸ் படங்களுக்கு அந்தத் தடத்தையே தேர்ந்தெடுங்கள், அதிலும் எல்லா ஓசையும் ஒரே தடத்தில் வரும் மோனோ இருந்தால் அதை. ஜாக்கி சானும் சம்மோ ஹங்கும் சிறு வயதில் பீக்கிங் ஓப்பராப் பள்ளியில் பயின்றவர்கள். அந்த மேடையில் அடிக்கும் அசைவுக்கும் தாளம் உண்டு. பழைய மோனோ தடத்தில் குத்து விழும் ஓசை அந்தத் தாளத்தில்தான் வரும்: மூன்று அடி, ஒரு நிறுத்தம், பிறகு நாயகனின் அசட்டுப் பார்வை. அதைச் சுற்றிலும் பல ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் 5.1 ஆக மாற்றும்போது சிலர் அடியோசைகளையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். ஓசை பெரிதாகிறது, சிரிப்பு சிறிதாகிறது.

வட்டு கைக்கு வந்ததும் ஏதேனும் ஒரு சண்டைக் காட்சியை மோனோ, 5.1 என்ற இரண்டு தடங்களிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வசன வரிகளையும் (சப்டைட்டில்) அப்போதே சோதித்துவிடலாம். கான்டனீஸ் தடத்தில் ஒருவர் வாயே திறக்காதபோது திரையில் வசனம் ஓடினால், அது ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுதி ஒட்டியது. சொல் விளையாட்டை நம்பிய நகைச்சுவை அதில் முக்கால்வாசி காணாமல் போய்விடும்.

படச்சட்டத்தையும் பாருங்கள். 2.35:1 அகலத்தில் எடுத்த படத்தைப் பழைய 4:3 திரைக்கு வெட்டியிருந்தால் ஏறக்குறைய 43 சதவீதம் போய்விடும். ஒருவர் உதைப்பார், வாங்கியவர் சட்டத்துக்கு வெளியே விழுவார். அப்படிப்பட்ட பிரதி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வட்டு எந்தப் பகுதி இயக்கியில் ஓடும் என்று குறிக்கும் மண்டலக் குறியீட்டில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஹாங்காங் டிவிடிகளுக்கு 3, அந்த ஊர் ப்ளூ-ரேக்களுக்கு ஏ. உங்கள் வட்டு இயக்கி (பிளேயர்) வேறு மண்டலத்துக்கானது என்றால் குறியீடு பூட்டிய வட்டு ஓடாது. ப்ளூ-ரேயைவிடத் துல்லியமான 4கே யுஎச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம். இணைப்புக் காட்சிகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வட்டில்தான் இருக்கும்.