வாட்ஸ்அப்பில் துணிச்சல், நேரில் தயக்கம்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சேமிப்பு 6 லட்சத்தை நிதி நிறுவன டெபாசிட்டில் போடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நேரில் கூடினால் அதே ஆட்கள் இழுக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். கூடிப் பேசும் குழு, உறுப்பினர்கள் ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கமே இன்னும் தள்ளிப்போகும். 1984-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாரா கீஸ்லர் குழுவினர் மூன்று மூன்று பேராக வைத்துச் சோதித்தார்கள். கணினியில் தட்டச்சு செய்து பேசியவர்களிடம் இந்த நகர்வு நேரில் பேசியவர்களைவிட அதிகம். ஒருமித்த முடிவுக்கு வர நேரமும் கூடுதல். ஆனால் ஒருவரே பேசித் தள்ளுவது குறைந்தது. அது நல்ல விஷயம்தான்.

வாட்ஸ்அப்பில் முகச்சுளிப்பு தெரியாது. பேசாமல் இருப்பவர் சம்மதித்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதன் வாக்கெடுப்பிலும் யார் எதற்குப் போட்டார் என்பது பெயரோடு தெரியும். முதல் நான்கு ஓட்டு மற்றவர்களை இழுத்துவிடும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடு நிதி நிறுவன டெபாசிட்டுக்குக் கிடையாது என்று யாராவது எழுதியிருந்தாலும், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போயிருக்கும்.

ஆகவே, ஒவ்வொருவரும் தன் கருத்தையும் காரணத்தையும் ஒரு நாளுக்குள் செயலாளருக்குத் தனியாக அனுப்பட்டும். அவர் பெயரில்லாமல் தொகுத்து ஒரே பதிவாகப் போடட்டும். பிறகு நேரில் கூடுங்கள். தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும். ஓட்டு மடித்த சீட்டில். எதிர்ப்புக் காரணங்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.