31 பேரில் ஒருத்தி

ஐயாவுக்கு வணக்கம்.

தென்மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எட்டு வருடமாக இளநிலை இறுதியாண்டுப் பிள்ளைகளை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகள் செய்கிறேன். காசு கொடுத்து பிராஜெக்ட் வாங்கி பைண்டிங் போட்டுத் தரும் வழக்கத்தை என் பிள்ளைகளிடம் அனுமதிப்பதில்லை. இதுவரை 31 பேர். போன மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பிஎச்.டி.க்குப் போனது ஒருத்திதான். மற்றவர்கள் வங்கி, டிஎன்பிஎஸ்சி கோச்சிங், ஐ.டி., கல்யாணம். ஏழெட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. "இதுக்கா ஞாயித்துக்கிழமையும் லேபைத் திறந்து வச்சிருந்தீங்க?" என்கிறார் துறைத்தலைவர். வீண்வேலை பார்த்துவிட்டேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துறைத்தலைவரை விடுங்கள், லேப் சாவியைத் திருப்பிக் கேட்காதவரை அவர் நல்லவர்தான். எனக்கு உறுத்துவது நீங்கள் போட்ட கணக்கு. ஒருத்தியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதி 30 பேரையும் 'வங்கி, கோச்சிங், கல்யாணம்' என்று அரை வரியில் முடித்துவிட்டீர்கள்.

திட்டவில்லை, நானும் அதே கணக்கைப் போட்டவன். 30 வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தினேன். ஆய்வு செய்த பிள்ளைகளின் பெயருக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன், அதில் பிஎச்.டி. சேர்ந்தவர்கள் பெயருக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

அடிக்கோடு இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். தட்டான்பூச்சியின் இளம்பருவம் தண்ணீருக்குள்தான் கழியும், மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நாளைக்கு எத்தனை தின்னும் என்று எண்ணச் சொன்னேன். பிளாஸ்டிக் டிரேயில் 50 கொசுப்புழுவும் ஒரு தட்டான் குஞ்சும் போட்டான். நாலாம் நாள் ஓடிவந்து, "அம்பதையும் தின்னுட்டுது சார்" என்றான். பக்கத்தில் தட்டான் இல்லாத டிரே ஒன்று வைத்தாயா என்று கேட்டேன். முழித்தான். வைத்துப் பார்த்தபோது அந்த டிரேயிலும் நாலு நாளில் பாதிக்கு மேல் காணோம், கூட்டுப்புழுவாகிக் கொசுவாகிப் பறந்துபோயிருந்தன, மேலே வலைகூடப் போட்டிருக்கவில்லை. லேபில் இருந்த எங்களைக் கடித்ததெல்லாம் அவனுடைய தரவுதான். அப்புறம் சின்னப் புழுக்களாகப் பொறுக்கிப்போட்டு, வலை கட்டி, காலையும் மாலையும் எண்ணி, மூன்று வாரம் முதலிலிருந்து செய்தான். கிடைத்த முடிவு சாதாரணமானது, எந்த ஆய்விதழும் போடாது. நாங்களும் அனுப்பவில்லை.

இப்போது அவன் சொந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். பூச்சிமருந்து நன்றாகக் கேட்டது என்று விவசாயி யாராவது வந்து சொன்னால், "அடிக்காம விட்ட பாத்தி எப்படி இருக்கு?" என்று கேட்பானாம். எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டேன் என்றால், அடுத்த தடவை ஒரு பாத்தி விட்டுப் பாருங்கள் என்பானாம். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னானோ என்னவோ, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை.

இனி, சிவப்புக் கோட்டுக்காரி ஒருத்தி. நான் பார்த்ததிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டில் பேசி, பரிந்துரைக் கடிதம் எழுதி, வடக்கே ஒரு ஆய்வு நிறுவனத்தில் சேர நான்தான் தள்ளினேன். சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சிலும் அவள் கதையைச் சொன்னேன். நாலாம் வருடம் அவள் விட்டுவிட்டு வந்தாள். நெறியாளர் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை, கொடுத்த ஆய்வுப்பொருளும் பாதியில் கைமாறிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து, அதுவும் வேறொரு மாணவன் மூலம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லா கிளாஸ்லயும் என்னைப் பத்திச் சொல்றீங்கன்னு ஜூனியர்ஸ் சொன்னாங்க சார். அப்புறம் எப்படி வந்து சொல்றது?" என்றாள். உதவி தேவைப்பட்ட நேரத்தில் அவள் வாயை அடைத்தது என் பெருமைப்பேச்சு. இப்போது சென்னையில் மருந்துப் பரிசோதனை அறிக்கைகள் எழுதும் வேலையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நான் நோட்டில் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன்.

நான் செய்த தப்பு இன்னொன்றும் உண்டு. ஆய்வகத்தில் தொடர்ந்து பத்து நாள் இருந்து பார்க்காத பெண்ணை ஐந்து வருட வேலைக்கு அனுப்பினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பெங்களூர், டெல்லி, அலகாபாத்தில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குபவர்கள் இருந்தால், வருடத்துக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது, பாதிப் பிள்ளைகள் அதை ஏதோ சடங்காகக் கழித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் ஹாஸ்டல், ரயில், கூட யார் வருவது என்று அப்பாவிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான், அதுவும் நெறியாளர் வேலையில் சேர்ந்ததுதான். இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து "எனக்கு இது வேண்டாம் மேடம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். அப்புறம், அகாடமி திட்டம் ஆசிரியர்களுக்கும் உண்டு. நீங்களும் ஒரு தடவை போய்வாருங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே நம் ஊரில், நோபல் பரிசு வாங்கிய வானியற்பியலர் சந்திரசேகரை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், காரணம்தான் வேறு. 1928-ல் சென்னைக்கு வந்த ஜெர்மன் இயற்பியலர் சோமர்ஃபெல்டை, மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் தேடிப்போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர். அதிலிருப்பது பழசாகிவிட்டது, இயற்பியலே மாறிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார் சோமர்ஃபெல்ட். சொன்னதோடு, உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அதைப் படித்துச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் கல்லூரிப் பையனிடம் உனக்குத் தெரிந்தது பழசு என்று உண்மையைச் சொல்லி, உடனே புதுசைக் கையில் கொடுத்த அந்த மரியாதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த மரியாதையை உங்கள் 31 பேரும் வாங்கியிருக்கிறார்கள், டிரேயைத் திரும்ப வைக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும்.

எங்கே என்றே தெரியாத அந்த ஏழெட்டுப் பேர் விஷயம். பழைய வருகைப்பதிவேட்டிலோ அவர்கள் தோழிகளிடமோ நம்பர் கிடைக்கும், கூப்பிடுங்கள். "இப்ப என்ன பண்றே?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதைக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் போதுமான அளவு கேட்டிருப்பார்கள். அந்த வருடம் அவர்கள் எண்ணியது நத்தையோ நண்டோ, அதைப் பற்றிக் கேளுங்கள். இந்த வருடப் பிள்ளைகள் அதே குளத்தில் எண்ணுகிறார்கள், நீ அப்போது எந்தக் கரையில் எண்ணினாய் என்று கேளுங்கள்.