14 பேரை 22 என்று எழுதினேன்

ஸ்தோத்திரம் அக்கா,

எனக்கு வயது 39. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்து 11 வருடம் ஆகிறது. தர்மபுரி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். ஞாயிறு ஆராதனைக்கு 14 பேர் வருகிறார்கள். மழை பெய்தால் 8 பேர்.

என்னோடு வேதாகமக் கல்லூரியில் படித்தவர் இப்போது ஒரு டவுனில் போதகர். அவர் சபையில் 400 பேர். பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

குடியை விட்டு ஞானஸ்நானம் எடுத்த ஒரு பையனை 6 வருடம் சொந்தத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டேன். பொங்கலுக்கு அப்புறம் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டான். வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதோடு நான் உடைந்துபோனேன்.

எங்களைத் தாங்கும் ஸ்தாபனத்துக்கு மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். வந்தவர்கள் எத்தனை, புதிய ஆத்துமாக்கள் எத்தனை என்று கட்டம் போட்டிருப்பார்கள். போன மாதம் 14 என்று எழுத வேண்டிய இடத்தில் 22 என்று எழுதிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வீடு சந்திக்கப் போகக் கால் எழவில்லை. யாராவது கஷ்டத்தைச் சொல்லி அழுதால் உள்ளுக்குள் எரிச்சல்தான் வருகிறது. பாதிக் குடும்பம் என் மனைவியின் தையல் மிஷினில்தான் ஓடுகிறது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

என் அழைப்பே பொய்யா அக்கா? கம்பெனிக்கே திரும்பிவிடட்டுமா?

பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

அந்த 22-ஐ முதலில் பேசிவிடுவோம். அது தப்பு, உங்களுக்கே தெரியும். இந்த மாத ரிப்போர்ட்டில் ஒரு வரி சேருங்கள்: "போன மாதம் 14 பேர்தான் வந்தார்கள், நான் கூட்டி எழுதிவிட்டேன், மன்னியுங்கள்." ஆதரவு நின்றுவிடுமோ என்று கை நடுங்கும். நியாயமான பயம்தான். ஆனால் 3 மணிக்கு உங்களை எழுப்புகிற பாரம் அதைவிடப் பெரிதாக இருக்கிறதே.

உக்கிராணக்காரன், அதாவது எஜமானின் பொருளைப் பார்த்துக்கொள்கிறவன், உண்மையுள்ளவனாகக் காணப்பட வேண்டும் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கூட்டம் சேர்த்தவனாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. உண்மையாக எழுதிய 14, பொய்யாக எழுதிய 22-ஐவிட அந்த வசனத்துக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து உங்கள் சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் மற்றவர்களுக்காக உழைக்கிறவர்களைப் பல வருடம் ஆராய்ந்து, "பர்ன்அவுட்" என்ற நிலைக்கு 3 அடையாளங்கள் சொன்னார்: உள்ளம் வற்றிப்போவது, உதவ வேண்டிய ஆட்கள் மேலேயே எரிச்சலும் விலகலும் வருவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. உங்களுக்கு இதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அழுகிறவர்களைப் பார்த்து எரிச்சல் வருவதால் நீங்கள் அன்பில்லாதவர் ஆகிவிடவில்லை. பாத்திரம் காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தேவதூதன் ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில். அங்கே எலியா, கர்த்தருக்கு உண்மையாக மீந்திருப்பது தான் ஒருவன்தான் என்று கணக்குச் சொன்னார். கர்த்தர் சொன்ன கணக்கு 7000 பேர். உங்கள் ஊரிலும் 7000 பேர் மறைந்திருக்கிறார்கள் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். எண்ணிப் பார்க்கிற வேலை எலியாவிடம் கொடுக்கப்படவே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

வில்லியம் கேரி இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக 1793-ல் வங்காளத்துக்கு வந்தார், முதல் விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில் என்று கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். பிரசங்கங்களில் அதிகம் வராத ஒன்று உண்டு. 1794-ல் 5 வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அப்புறம் கேரியின் மனைவி டாரதியின் மனம் கலங்கியது. 1807-ல் இறக்கும்வரை அவர் தெளியவில்லை. அந்தக் காத்திருப்பில் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அதனால் கேட்கிறேன்: உங்கள் மனைவிக்கு இது தெரியாது என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா? 3 மணிக்கு விழித்து, பக்கத்தில் புரண்டு படுக்கிற உங்களை அவர் கவனிக்காமலா இருப்பார்? இன்றைக்கே பேசுங்கள், அந்த 22-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் முகத்தைத் திருப்புவது பெரும்பாலும் வெட்கத்தால்தான். குடிநோயில் மறுபடியும் விழுவது சாதாரணமாக நடக்கிறது. 6 வருடம் பொய்யாகிவிடவில்லை. பிரசங்கம் வேண்டாம், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவன் சம்மதித்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும்.

கம்பெனிக்குத் திரும்புவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் 2 வாரம் லீவு கேளுங்கள். ஆராதனையை ஒரு மூப்பர் நடத்தட்டும். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து சம்பாதித்தார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் கிணற்று மோட்டார்கள் இல்லாமலா இருக்கும்? ஃபிட்டர் கை தெரிந்தவர் வாரம் 2 நாள் ரிப்பேர் வேலை பார்த்தால் அழைப்பை விட்டு ஓடியதாக ஆகாது. பிரசங்கம் கேட்க வராத விவசாயியோடும் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம்.

தூக்கமின்மையும் துக்கமும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை. செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிஷமே 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் இலவசச் சேவை, தமிழில் பேசலாம்.

மனைவியிடம் பேசிய அப்புறம் எனக்கு எழுதுங்கள். அந்த 14 பேருக்காகவும் ஜெபிக்கிறேன். எட்டு பேர் மட்டும் வருகிற மழை நாளிலும் நனைந்துகொண்டே வருகிறவர்கள் யார் என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா