முதலாண்டுப் பிள்ளைகளை அழவைக்க வேண்டுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்கே புகழ். நான் திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் முதலாண்டுக் கத்தோலிக்க மாணவர்களை மூன்று நாள் தியானத்துக்கு அழைத்துப் போவார்கள். வரவேற்புத் தியானம் என்று சொல்வோம். இந்த முறை ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன்.

போன வருடம் நான் போனபோது, இரண்டாம் நாள் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். மெதுவாக ஒரு சோகப் பாட்டு ஓடியது. வந்திருந்த பேச்சாளர் கண்ணை மூடச் சொல்லி, 'உன் அப்பா இப்போது இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்' என்றார். என் அப்பா கடலுக்குப் போகிறவர். நான் கதறிவிட்டேன். அதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனம். தினமும் பூசைக்குப் போவேன், செபமாலை சொல்லாமல் தூங்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிப் பீடத்தில் வைத்தேன். இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

இந்த ஆண்டும் அதே நிகழ்ச்சி வேண்டும் என்கிறார்கள் குழுவில். அழுதால்தான் மனசு மாறும் என்பது அவர்கள் வாதம். என்னை மேடையேறி சாட்சியம் சொல்லச் சொல்கிறார்கள். அன்று நான் உணர்ந்தது பொய்யா அக்கா? புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்? என் அறைத்தோழன் இந்து. 'அங்கே என்னடா பண்ணுவீங்க, நானும் வரலாமா?' என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அன்று நீங்கள் உணர்ந்தது பொய் இல்லை. கடலில் இருக்கும் அப்பாவை நினைத்து ஒரு பிள்ளை அழுவதில் பொய் எங்கிருந்து வரும்? ஆனால் அந்த அழுகையை உங்களிடமிருந்து வரவழைத்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டை விட்டு வந்து சில வாரமே ஆன 17, 18 வயதுப் பிள்ளையிடம் அம்மா என்று சொன்னாலே கண் கலங்கும். அது வீட்டு ஏக்கம். அதை மனமாற்றம் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஈரம் காய்வதற்குள் வாக்குறுதியும் எழுதி வாங்குவது நியாயமில்லை. இன்னொன்றையும் குழுவில் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் அப்பாவை உண்மையாகவே பறிகொடுத்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். கடற்கரைப் பிள்ளைகள் வருகிற கல்லூரியில் கட்டாயம் இருக்கும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கற்பனை செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

குழுவோடு வாதாட என் பேச்சைவிட வலுவான ஒன்று உங்கள் கல்லூரி நூலகத்திலேயே இருக்கலாம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த சிறிய நூல். தியானம் கொடுப்பவர்கள் அதை மூல நூலாக மதிக்கிறார்கள். அதன் தொடக்கத்தில் 20 குறிப்புகள் உண்டு, பெரும்பாலும் தியானம் கொடுப்பவருக்கான எச்சரிக்கைகள். 14ஆம் குறிப்பைப் பாருங்கள்: தியானம் செய்பவர் மிகுந்த ஆறுதலிலும் உற்சாகத்திலும் இருக்கும்போது, யோசிக்காமல் அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் நேர்ச்சையும் செய்துவிடாதபடி அவரை எச்சரிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் பீடத்தில் வைத்த தாளை அன்று வாங்கியே இருக்கக் கூடாது. அது நிற்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த குறிப்பு, கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்று, படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்று சொல்கிறது. 17ஆம் குறிப்பு, தியானம் செய்பவரின் அந்தரங்க எண்ணங்களையும் பாவங்களையும் கொடுப்பவர் துருவக் கூடாது என்கிறது. இந்த மூன்றையும் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துவிட்டு, பிறகு இரண்டாம் நாள் இரவைப் பற்றிப் பேசுங்கள்.

இஞ்ஞாசியார் இதைக் கல்லூரியிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார் என்பது என் எண்ணம். 1528-ல் பாரிஸுக்குப் படிக்க வந்தபோது அவருக்கு வயது 37 இருக்கும். அடுத்த ஆண்டு மூன்று மாணவர்களுக்குத் தியானம் கொடுத்தார். மூவரும் புத்தகம் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அறையைக் காலி செய்து, ஒரு தர்ம விடுதியில் தங்கிப் பிச்சையெடுக்கப் போய்விட்டார்கள். பல்கலைக்கழகமே கொந்தளித்தது. நண்பர்கள் ஆயுதங்களோடு போய் அவர்களை இழுத்து வந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு அப்புறம் எதுவானாலும் செய்யட்டும் என்று பேசி முடித்தார்கள். மூவரில் ஒருவர் படித்த செந்த் பார்ப் கல்லூரியின் தலைவர் கூவேயா, என் மாணவனைக் கெடுத்த அந்த ஆள் இங்கே கால் வைத்தால் எல்லார் முன்னாலும் சவுக்கடி கொடுப்பேன் என்று மிரட்டினார்.

அதே 1529-ல் அதே செந்த் பார்ப் கல்லூரிக்குத்தான் இஞ்ஞாசியார் படிக்கப் போனார். அவருக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் பீட்டர் ஃபேபர், சவாய் மலைப்பகுதியில் சிறு வயதில் ஆடு மேய்த்தவர். இன்னொருவர் நவார் நாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளை, பிரான்சிஸ் சவேரியார்.

ஃபேபர் இஞ்ஞாசியாருக்கு அரிஸ்டாட்டில் பாடத்தில் உதவினார். பழகப் பழகத் தன் மனக்குழப்பங்களை அவரிடம் சொல்ல ஆரம்பித்தார். சின்னச் சின்ன விஷயத்துக்கும் பாவமோ பாவமோ என்று தவித்துக்கொண்டிருந்த பிள்ளை அவர். இஞ்ஞாசியார் உடனே அவரைத் தியானத்தில் உட்காரவைத்துவிடவில்லை. ஒரு முழுப் பாவசங்கீர்த்தனம், பிறகு வாரம் ஒரு முறை பாவசங்கீர்த்தனமும் நன்மை (நற்கருணை) வாங்குவதும், தினமும் இரவில் மனச்சோதனை. இவ்வளவுதான் சொன்னார். ஃபேபர் அந்த நூலின்படி முப்பது நாள் தியானம் செய்தது 1534 தொடக்கத்தில். ஒரே அறையில் இருந்துகொண்டு இஞ்ஞாசியார் நான்கு ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறார்!

சவேரியார் இன்னும் கடினமான ஆள். நல்ல பதவி, குடும்ப மரியாதை என்று வேறு கணக்கில் இருந்தார். அவர் போவே கல்லூரியில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கியபோது இஞ்ஞாசியார் அவருக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். கையில் காசில்லாத நேரத்தில் பண உதவி செய்தார், நண்பர்கள் மூலமும் உதவி வாங்கித் தந்தார், தவறான சகவாசத்திலிருந்து காப்பாற்றினார் என்று 1535-ல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே நன்றியோடு சொல்கிறார். 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் இந்த மூவரும் சேர்ந்து நண்பர்கள் ஏழு பேர் கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சவேரியார் முப்பது நாள் தியானம் செய்தது அதற்கும் பிறகுதான்.

எட்டே ஆண்டில், 1542-ல், அவர் உங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் அங்குள்ள படித்தவர்களைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருக்கிறது என்கிறார். உங்கள் ஊர்க் கோயிலில் கையில் சிலுவையோடு நிற்கும் சவேரியாருக்கும் ஒரு விடுதி அறை இருந்தது, ஓர் அறைத்தோழர் பொறுமையாக அவரோடு பழகினார் என்பதை முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி நேரத்தில் வேண்டாம், பகலில் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது என்று கேட்டீர்கள்.

ஒரு மகளிர் கல்லூரியில் முதலாண்டுத் தியானத்துக்குப் பேச அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது ஒரு பெண் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடவுளைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். வேதியியல் வகுப்புக் குறிப்பு. பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசியதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ஒரு இடத்தில் 'ஈக்குலிபிரியம்' என்று எழுதி அடித்து, 'ஈக்விலிப்ரம்' என்று எழுதி, அதையும் அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பன்னிரண்டாம் வகுப்பில் சமநிலை என்ற பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள். அந்த ஆங்கிலச் சொல்லும் சமநிலையும் ஒன்றுதான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. 'ஊருக்கே போயிடலாமான்னு இருக்கு' என்றாள். அன்று காலையிலிருந்து நான்கு பேச்சு கேட்டிருந்தாள், நன்றாகப் பாடவும் செய்தாள். ஆனால் உனக்கு என்னம்மா கஷ்டம் என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

வரவேற்பு என்று பெயர் வைத்துவிட்டால் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு முதலாண்டுப் பிள்ளைக்கும், அது சொல்வதை இடையில் புத்தி சொல்லாமல் கேட்க ஒரு மூத்த மாணவர். பேச்சாளர் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். 'உனக்கு இங்கே எது கஷ்டமாக இருக்கிறது?' என்ற ஒரே கேள்வி போதும். ஆங்கிலம், ஃபீஸ், மெஸ் சாப்பாடு, சீனியர் ஒருவனின் தொந்தரவு, எதுவும் வரலாம். தொந்தரவு என்று வந்தால் அதை வார்டனிடம் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு. அதை ஒரு செபத்தோடு முடித்துவிடாதீர்கள்.

சிறு குழுவில் அறிமுகம் செய்யும்போது 'எந்த ஊர், எந்தப் பங்கு?' என்று ஆரம்பிக்காதீர்கள். நமக்குள் அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஊரையும் பங்குக் கோயிலையும் சொன்னால் சாதி தெரிந்துவிடும், தெரிந்ததும் சிலர் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரித்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. சுவர் இல்லாத இடத்திலும் அந்தப் பிரிவு உட்கார்ந்திருப்பதை நான் தியான மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். கல்லூரி வாழ்க்கையின் முதல் தியானத்திலேயே ஒரு தலித் மாணவன் தன் ஊர்ப் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியிருந்தால், நீங்கள் அங்கே பாடுகிற எந்தப் பாட்டும் அவன் காதில் ஏறாது. பெயர், பாடம், பிடித்த விளையாட்டு என்று ஆரம்பிக்கலாம். ஊர் தானாக வரும்போது வரட்டும்.

முதல் நாள் இரவு நிகழ்ச்சியே வேண்டாம். சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கட்டும். அரசர் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில், செத்தால் போதும் என்று சூரைச்செடிக்கடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்றார். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார் இறைவாக்கினர். தூதர் மறுபடி வந்து மறுபடி சாப்பிடச் சொன்னார். கடவுளின் மெல்லிய குரல் அதற்கு வெகுநாள் கழித்து வருகிறது.

அமைதிக்கு நேரம் ஒதுக்குங்கள், ஆனால் நீளமாக வேண்டாம். கைப்பேசியை விட்டுப் பழகாத பிள்ளைகளுக்கு நாள் முழுக்க மௌனம் தண்டனையாகத்தான் தெரியும். ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து, ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லி, மரத்தடியில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நிறையத் தெரிந்துகொள்வது ஆன்மாவை நிறைவாக்காது, உள்ளே உணர்ந்து சுவைப்பதே நிறைவாக்கும் என்று இரண்டாம் குறிப்பு சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஃபாதர் உட்காரட்டும், விருப்பமுள்ளவர்கள் போகட்டும். வரிசையில் நிறுத்தாதீர்கள், போகாதவனை யார் என்று பார்க்காதீர்கள். இரவில் மனச்சோதனை சொல்லிக்கொடுங்கள்: இன்று கிடைத்ததற்கு நன்றி, அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். விடுதிக் கட்டிலில் படுத்தபடியே செய்யலாம். தியானத்திலிருந்து பிள்ளைகள் எடுத்துப்போக இந்த ஒன்று போதும், நீங்களும் இதிலிருந்தே மறுபடி தொடங்கலாம்.

உங்கள் அறைத்தோழனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பைபிள் வாசிப்போம், செபிப்போம், பாடுவோம், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம், பூசை இருக்கும். ஃபாதர் சம்மதித்தால் அவன் வரட்டும். நற்கருணை நேரத்தில் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் அவன் திகைத்து நிற்கக் கூடாது. மதம் மாறச் சொல்லி யாரும் அவனை நெருக்க மாட்டார்கள் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் மட்டும் அழைத்துப் போங்கள். அந்த உறுதி இல்லையென்றால் முதலில் அதைக் குழுவில் பேசித் தீர்க்க வேண்டும்.

சாட்சியம் சொல்லச் சம்மதியுங்கள். அழுததையும் சொல்லுங்கள், இரண்டு வாரத்தில் எல்லாம் நின்றுபோனதையும் சொல்லுங்கள். ஆறுதல் இருக்கும்போதே, பின்னால் வரப்போகும் வறட்சியில் எப்படி இருப்போம் என்று எண்ணிப் பலம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் இஞ்ஞாசியார். வறட்சி வரும், அது நம்பிக்கை போய்விட்டதற்கு அடையாளமில்லை என்று ஒரு வயது மூத்த அண்ணன் வாயிலிருந்து கேட்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தைரியம்.

அப்புறம், தியானம் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்கு இப்போதே திட்டம் போடுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு அறிவியல் பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் கூட்டிவைத்து, அன்றன்றைய பாடச் சொற்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்க உங்கள் குழுவில் யார் யார் வருவார்கள் என்று பெயர் எழுதி வாங்குங்கள். இயற்பியலுக்கு உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.