வாசகர் கேள்வி: ‘டி’ வகை ஆம்ப்ளிஃபயரில் வீணை உயிரோடு கேட்குமா?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் பாட்டுக் கேட்டு வருகிறேன். எங்கள் நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் அது ஒரு மணி நேரம் ஓடினால் மேல்மூடியில் கை வைக்க முடிவதில்லை. கையகல டி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடலாம் என்கிறான் மகன். ‘அது டிஜிட்டல், வீணையும் குரலும் வறண்டு கேட்கும்’ என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: மகன் சொல்வதே சரி. ஆனால் நண்பர் சொல்லும் குறையிலும் பழைய உண்மை ஒன்று இருக்கிறது.

‘டி’ என்பது டிஜிட்டலின் சுருக்கம் அன்று. ஏ, பி, சி என்று வகைகளுக்குப் பெயரிட்டு வந்தவர்கள் அடுத்த எழுத்தை இதற்கு வைத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே வரும் இசையலையின் ஏற்ற இறக்கம், நொடிக்குப் பல லட்சம் முறை வரும் துடிப்புகளின் அகலமாக மாற்றப்படுகிறது. டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்தோ மூடியோ இருப்பதால் மின்சாரம் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. டிரான்சிஸ்டரை இடைநிலையில் திறந்துவைத்தே ஓடும் ஏபி வகையின் செயல்திறன் (வாங்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு) ஏட்டுக் கணக்கிலேயே 78.5 விழுக்காட்டைத் தாண்டாது, குறைந்த ஒலியில் அதைவிட வெகுவாகச் சரிந்துவிடும். டி வகையோ 90 விழுக்காட்டை ஒட்டி வேலை செய்கிறது.

பிரிட்டனின் சின்கிளேர் நிறுவனம் 1964இல் எக்ஸ்-10 என்ற டி வகை ஆம்ப்ளிஃபயரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அன்றைய டிரான்சிஸ்டர்களின் வேகம் அதற்குப் போதவில்லை. வேகம் கூடிய பின்பும் ஒரு சிக்கல் மீந்தது. உங்கள் நண்பர் கேட்டது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். துடிப்புகளை மீண்டும் இசையாக்க, ஸ்பீக்கருக்கு முன்னால் சுருளும் கெப்பாசிட்டரும் கொண்ட ஃபில்டர் ஒன்று தேவை. அந்த ஃபில்டர் ஸ்பீக்கரின் குறிப்பிட்ட ஓம் மதிப்புக்காக, அதாவது அதன் மின்தடைக்காகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் ‘8 ஓம்’ என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்திலும் 8 ஓமாக இருப்பதில்லை. உச்ச அதிர்வெண்களில் அது கூடிவிட்டால் அந்தப் பகுதி மட்டும் ஓரிரு டெசிபெல் தூக்கலாக ஒலிக்கும், குறைந்துவிட்டால் மங்கும். ஜால்ராவின் ஓசை காதைக் குத்துவதும், பாடகரின் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் சீறுவதும் இதனால்தான்.

இதற்குத் தீர்வு, ஃபீட்பேக்கை (வெளிவரும் ஒலியலையை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுத் திருத்தத் திருப்பி அனுப்பும் சிக்னலை) ஃபில்டருக்கு முன்னால் எடுக்காமல் அதைத் தாண்டி, ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுப்பது. பிலிப்ஸில் பணியாற்றியபோது புரூனோ புட்செய்ஸ் உருவாக்கிய யூசிடி சர்க்யூட்டும், அதன் பின்வந்த என்கோரும் இந்த வழியில் அமைந்தவை. எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் இவற்றின் ஒலி மாறுவதில்லை. இப்படி அமைந்த ஒன்றையும் நல்ல ஏபி ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஒலியளவில் வைத்துவிட்டு, எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டால், வேறுபாடு காண்பது மிகக் கடினம் என்பதே என் கருத்து. ஒலியளவு ஒன்றாக இருப்பது முக்கியம்; சற்றே உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் ‘உயிருள்ளதாக’த் தோன்றும்.

ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்க அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போனால் வகையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலி எவ்வளவு என்று 4 ஓமிலும் 8 ஓமிலும் அளந்த வரைபடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டருக்கு (உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கருக்கு) அருகில் காதை வைத்தும் பாருங்கள். இரவில் அக்கம்பக்கத்தாருக்காக ஒலியைத் தணித்துக் கேட்கும் நம் வீடுகளில், தம்புராவின் அடியில் ஓடும் ‘உஸ்’ என்ற இரைச்சல் நன்றாகவே தெரியும்.

கேள்வி: 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய டி வகை போர்டு ஒன்றை வாங்கினேன். ‘100 வாட்’ என்று பெட்டியில் இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி ஏன் கரகரக்கிறது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், 24 வோல்ட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சிதையாமல் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 36 வாட், நடைமுறையில் அதற்கும் சற்றுக் குறைவு. தொப்பியின் அடி அதற்கு மேல் கேட்கும்போது அலையின் முனை வெட்டுப்படுகிறது. இது டி வகையின் குறையன்று, பெட்டியில் அச்சிட்டவரின் தாராள மனம். அடாப்டர் போதிய ஆம்பியர் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று: இத்தகைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் சிக்னல் ஓடுகிறது. இடது, வலது கறுப்பு வயர்களை ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள்; போர்டு புகைந்துவிடலாம்.