மணி பார்த்துச் சாப்பிடுங்கள்: சேலத்துச் சாப்பாடு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வேலையாகச் சேலம் வருகிறேன். ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது. தட்டுவடை செட்டுக்கு ஊரிலேயே நல்ல கடை எது? பெயர் மட்டும் சொன்னால் போதும்.
(தாம்பரம் வாசகர்)

பதில்: கடைப் பெயரை விட உங்களுக்கு உதவப் போவது மணிதான். ஐந்தரைக்கு மேல் வாருங்கள், ஏழரைக்குள் சாப்பிட்டு முடியுங்கள். பொன்னம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி நான் பல வருடம் செட் கடை போட்டவள். மொறுமொறுப்பான சின்ன அரிசி மாவுத் தட்டுவடை இரண்டுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தருவதுதான் செட். உள்ளே வீட்டுக்காரர் தறியில் இருப்பார், வெளியே நான் துருவலில் இருப்பேன். இப்போது மருமகள் நடத்துகிறாள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேரட், பீட்ரூட் துருவுவது நாலு மணிக்கு. சட்னி அரைப்பது நாலரைக்கு. வெங்காயம் கடைசியாக, முதல் ஆள் வந்து நின்ற பிறகு. ஆறு மணிக்கு எல்லாமே உயிரோடு இருக்கும். ஒன்பது மணிக்கு வந்தால் பச்சைச் சட்னி கறுத்திருக்கும், துருவல் தண்ணீர் விட்டிருக்கும். அதே கடை, அதே கைதான். ஆனாலும் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர், "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

ரயிலில் வந்தால் ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. அங்கேயே தேடாதீர்கள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பஸ் பிடியுங்கள். இறங்கியதும் முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதிப் பக்கம் நடந்தாலே வண்டிகள் தெரியும். நேரம் கூட இருந்தால் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று தறிக்காரர் தெருக்களுக்குப் போங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் தறியை விட்டு எழுந்து வந்த ஆட்களும் சேர்ந்து நிற்கும் கடையில் நீங்களும் நில்லுங்கள். வெளியூர்க்காரருக்கென்று அங்கே தனியாக எதுவும் செய்ய மாட்டார்கள். அதுதான் நல்லது.

முதலில் சாதா செட் வாங்குங்கள். ஒரு தட்டுவடை, அதன் மேல் பச்சைச் சட்னி, காரச் சட்னி, துருவல், வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி கையில் உடைந்துவிடும், சட்னி சட்டையில் இருக்கும். அப்புறம் நொறுக்கல் கேளுங்கள். தட்டுவடையைக் கையாலேயே நொறுக்கி, துருவலும் சட்னியும் போட்டுப் புரட்டிக் கொடுப்பார்கள். முறுக்கு செட் உண்டு, அவித்த முட்டை போட்டும் உண்டு. ஆனால் முதல் முறை வருகிறவர் சாதா செட்டில் ஆரம்பிப்பதே சரி. கடையின் கைப்பக்குவம் அதில்தான் தெரியும்.

கேள்வி: சேலத்திலிருந்து தட்டுவடைப் பாக்கெட் வாங்கி வந்து வீட்டில் செட் போட்டேன். தட்டுக்கு வருவதற்குள் சொதசொதவென்று ஆகிவிட்டது. எங்கே தப்பு?
(கும்பகோணம் வாசகி)

பதில்: உப்பில்தான் இருக்கும் அம்மா. துருவலில் முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசறி வைத்திருப்பீர்கள். உப்பு பட்டால் பீட்ரூட்டும் கேரட்டும் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரைத் தட்டுவடை குடித்துவிடும். துருவலுக்கு உப்பே வேண்டாம். சட்னியில் இருக்கிற உப்பு போதும். துருவியதை உள்ளங்கையில் வைத்து லேசாகப் பிழிந்து, உலர்ந்த தட்டில் பரப்பி வையுங்கள். பீட்ரூட்டைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே சிவந்து போகும்.

அடுத்தது சட்னி. தோசைக்கு ஊற்றுகிற பதத்தில் அரைத்தால் செட்டுக்கு ஆகாது. மல்லி, புதினா, பச்சை மிளகாய், கொஞ்சம் இஞ்சி, உப்பு, புளிப்புக்கு எலுமிச்சம்பழம். தண்ணீரை முதலில் ஊற்றாமல், மிக்ஸி சுற்றாமல் நிற்கும்போது ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வழியாமல் விழ வேண்டும். சிவப்பாக இருக்கும் காரச் சட்னிக்கு வரமிளகாயும் பூண்டும்தான் முக்கியம். பூண்டை வதக்கினால் அந்தக் காட்டம் போய்விடும். எங்கள் கடையில் பச்சையாகத்தான் அரைப்போம்.

தட்டுவடையும் எல்லாம் ஒன்றல்ல. மற்ற ஊர்களில் தட்டை என்று விற்பது பெரிதாக, தடிமனாக, தானே காரமாக இருக்கும். அதைத் தனியாகத்தான் தின்ன வேண்டும். செட்டுக்கு உள்ளது சின்னதாக, மெல்லியதாக, காரம் அடங்கி இருக்கும். வீட்டில் சுடுவதாக இருந்தால் அரிசி மாவோடு உளுந்த மாவும் பொட்டுக்கடலை மாவும் அளவாகச் சேர்த்து, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசையுங்கள். தட்டிய பிறகு முள்கரண்டியால் குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். எண்ணெயில் சலசலப்பு முழுவதும் அடங்கிய பிறகே எடுங்கள். சத்தம் இருக்கும்போது எடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மொறுமொறுவென்றுதான் இருக்கும், மறுநாள் நமுத்துப் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், செட்டை அடுக்கி வைத்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள். விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு அடுக்குங்கள். பார்சலுக்கும் இதேதான். கடையில் தட்டுவடையைத் தனியாக, சட்னியைத் தனியாக, துருவலைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தியோடு வருகிறோம். எல்லாம் பச்சைக் காய், பச்சைச் சட்னி. தெருக்கடையில் கொடுக்க பயமாக இருக்கிறது.
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: பயப்படுவதில் தவறில்லை. வேகாத பொருளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்தான். கடை முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். துருவல் மூடியிருக்கிறதா, காசு வாங்கும் கையே காயையும் எடுக்கிறதா, தட்டு எந்தத் தண்ணீரில் முங்குகிறது என்று பாருங்கள். வாழையிலைத் துண்டிலோ தொன்னையிலோ தருகிற கடை என்றால் தட்டுக் கழுவும் கவலை பாதி இல்லை. தள்ளுவண்டிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு உண்டு. 14 இலக்க எண் போட்ட அந்தச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் கடையில் நான் கண் மட்டத்தில் மாட்டியிருந்தேன்.

பேத்திக்குச் சட்னி வேண்டாம். வெறும் தட்டுவடையும் கேரட்டும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தரச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மழை விடாமல் பெய்து, தெருவில் தண்ணீர் தேங்கிய நாளாக இருந்தால் பச்சைக் காயே வேண்டாம். அன்றைக்குச் சூடாக இட்லி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறோம், பத்துப் பேர். மதியம் எங்கே சாப்பிடலாம்?
(திருப்பூர் வாசகர்)

பதில்: முடிந்தால் ஞாயிறை மாற்றுங்கள். செவ்வாய், புதனில் போனால் அதே கடையில் அதே ஆள் உங்களிடம் நின்று பேசிப் பரிமாறுவார். ஞாயிறுதான் முடியும் என்றால், காலை ஏழரைக்குள் கீழே சேலத்திலேயே இட்லியோடு நிறுத்திக்கொண்டு ஏறிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பூரி, பொங்கல் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு போனால் பாதி மலையில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும்.

மேலே போனதும் முதல் வேலையாக, ஏரியைச் சுற்றப் போகும் முன்பே, ஒரு சின்ன மெஸ்ஸில் நுழைந்து, "பத்துப் பேர், ஒரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதற்குக் காரணம் உண்டு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்தாலும் சூடு குறைவு என்பதால் பருப்பும் அரிசியும் வேகக் கீழே விட நேரம் எடுக்கும். திடீரென்று பத்துப் பேர் போய் உட்கார்ந்தால் சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? குக்கரை அவசரமாக இறக்குவார், நீங்கள் அரைவேக்காடு சாப்பிடுவீர்கள். முன்னால் சொன்னால் ரசம்கூட உங்களுக்கென்று புதிதாக வைப்பார்கள். பெரிய ஓட்டலில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே கிடைப்பதைத் திருப்பூரிலேயே சாப்பிடலாமே.

நாலு மணிக்கு மேல் ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி. குளிரில் அதற்கு ஈடு கிடையாது. சுட்டு அடுக்கி வைத்ததை எடுக்காதீர்கள், அடுத்த ஈடு வரும்வரை நின்று வாங்குங்கள். எண்ணெய் கறுத்து, நுரை கட்டியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். காபி கட்டாயம் குடியுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த செடியின் வழி வந்தது இந்த மலைக் காபித் தோட்டம் எல்லாம். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். இரண்டும் ஒரே தோட்டத்து விளைச்சல், ஆகவே காபித்தூள் வாங்கும்போது மிளகும் கேளுங்கள். சிக்கரி கலக்காத தூள் என்று வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் கலந்ததுதான் வரும்.

கேள்வி: ஜவ்வரிசிக்குப் பெயர் போன ஊர் சேலம். ஆனால் ஓட்டல்களில் ஜவ்வரிசிப் பலகாரம் ஒன்றுமே காணோமே?
(புதுச்சேரி வாசகி)

பதில்: நல்ல கேள்வி. விளைவதும் அரைப்பதும் இங்கே, தின்பது வடக்கே. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கிற ஜவ்வரிசி பெரும்பாலும் மகாராஷ்டிரம் முதலான மாநிலங்களுக்குப் போகிறது. அங்கே விரத நாளில் ஜவ்வரிசியில் உப்புமாவும் வடையும் செய்கிறார்கள். ஆலைக்காரர்களுக்கென்று 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு ஜவ்வரிசி என்றால் வெயில் காலத்தில் மொட்டை மாடியில் காய்கிற வடகம், விசேஷத்துக்குப் பாயசம். இரண்டுமே வீட்டுப் பண்டம். மரவள்ளிக் கிழங்கை மஞ்சள், உப்புப் போட்டு வேக வைத்துத் தாளித்துத் தின்பது எனக்குப் பிடித்தது. ஓட்டலில் கேட்காதீர்கள், சந்தையில் கிழங்கு வாங்கிப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது எழுபது. அசைவச் சாப்பாடு என்றால் உயிர். சேலத்தில் மதியம் எங்கே, என்ன வாங்கித் தரலாம்?
(வேலூர் வாசகர்)

பதில்: பன்னிரண்டரைக்கே உட்கார வைத்துவிடுங்கள். செல்வி மெஸ், மங்களம் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த இடங்களும் உண்டு, சந்துக்குள் இருக்கிற மெஸ்களும் உண்டு. எங்கே போனாலும் ஒரு மணிக்கு மேல் பெரியவரை நிற்க வைக்க வேண்டியிருக்கும், இரண்டரைக்குக் குடல் கறியும் தலைக்கறியும் தீர்ந்திருக்கும். வெறும் சோறு, குழம்பில் ஆரம்பித்து, பிரட்டல் ஒன்று மட்டும் தொட்டுக்கொள்ள வாங்குங்கள். பள்ளிபாளையம் சிக்கன் நம் பக்கத்துப் பண்டம். சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடி குறைவு என்பதால் வயதானவர் வயிற்றுக்கும் தொந்தரவு இராது. எலும்பில்லாமல் சின்னத் துண்டாக வெட்டியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரிக்குப் புரோட்டா வேண்டாம், அரை வேக்காட்டு முட்டைக் கலக்கியும் அந்த வயதில் வேண்டாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, விடுதியில் இருக்கிறேன். தனியாகத் தெருக்கடையில் நின்று சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. யாராவது ஏதாவது நினைப்பார்களா?
(சேலம் வாசகி)

பதில்: கண்ணு, செட் கடைகள் பலவற்றை நடத்துவதே பெண்கள்தான். துருவுவதும் அரைப்பதும் காசு எண்ணுவதும் பெண்கள். உன்னைப் பார்த்து அவர்கள் நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பிள்ளை விடுதிச் சாப்பாட்டில் இளைத்துப் போயிருக்கிறதே. என் கடைக்கும் விடுதிப் பிள்ளைகள் வருவார்கள். தனியாக வருகிற பிள்ளைக்கு வண்டியின் உள்பக்கம், என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த கடைக்கார அக்காக்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். முதல் நாள் மட்டும்தான் கூச்சம். மூன்றாம் முறை போகும்போது நீ வாயைத் திறக்கும் முன்பே, "உனக்குக் காரம் கம்மிதானே?" என்று கேட்பார்கள். ஆறு மணிக்குப் போய்விட்டு வா, விடுதிக் கதவு சாத்துவதற்குள் திரும்பிவிடலாம். கையில் சில்லறை வைத்துக்கொள்.